வாழ், வாழ்வி: பண்டைய எகிப்திய மொழியில் பிறவினை

எகிப்து என்றதும் நினைவுக்கு வரும் சின்னங்களில் ஒன்று அன்க். சிலுவையின் தலையில் ஒரு வளையம் வைத்தது போல இருக்கும். சாவிக்கொத்து, கழுத்துச் சங்கிலி என்று எல்லா இடத்திலும் தொங்குகிறது. அது வெறும் சின்னம் அல்ல, ஒரு வினைச்சொல்லும்கூட. பொருள் 'வாழ்'. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே பண்டைய எகிப்திய மொழியின் பிறவினையை ஓரளவு புரிந்துகொண்டுவிடலாம்.

பிறவினை என்றால் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 'மாடு ஓடியது' என்பது தன்வினை. 'மாட்டை ஓட்டினான்' என்பது பிறவினை. ஒருவர் தானே செய்யாமல் இன்னொருவரையோ இன்னொன்றையோ செய்ய வைப்பது. எகிப்தியர் இதற்கு வைத்திருந்த முதல் வழி மிக எளிமையானது: வினைச்சொல்லின் முன்னால் ஒரு 'ஸ' சேர்ப்பார்கள். அன்க் என்றால் வாழ். ஸ-அன்க் என்றால் வாழ்வி, உயிரோடு வை, உணவளித்துக் காப்பாற்று.

மேலே போவதற்கு முன் உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எகிப்தியர் மெய்யெழுத்துகளை மட்டுமே எழுதினார்கள். உயிரொலிகள் எழுத்தில் கிடையாது. எனவே ஆய்வாளர்கள் வாசிக்க வசதியாக நடுவில் ஓர் 'எ' போட்டுக்கொள்கிறார்கள். ந்-ஃப்-ர் என்று மட்டும் எழுதியிருப்பதை 'நெஃபெர்' என்று படிப்பது அப்படித்தான். இந்தக் கட்டுரையில் வரும் பழைய சொற்களையும் அந்த வழக்கப்படியே எழுதுகிறேன். ராம்செஸ் காலத்து ஆள் ஒருவர் கேட்டால் சிரிப்பார். பரவாயில்லை.

சரி, ஸ-வுக்கு வருவோம். இன்னும் சில சோடிகள்:

மென் என்றால் நிலைத்திரு. ஸ-மென் என்றால் நிலைநாட்டு. அஹா என்றால் நில்; ஸ-அஹா என்றால் நிறுத்து, நிமிர்த்தி நடு. ஹெதெப் என்றால் அமைதியடை, மனம் நிறை. ஸ-ஹெதெப் என்றால் மனம் குளிர வை. கெபெர் என்றால் உண்டாகு. ஸ-கெபெர் என்றால் உண்டாக்கு. வாப் என்றால் தூய்மையாக இரு. ஸ-வாப் என்றால் தூய்மையாக்கு.

கடைசிச் சோடியைக் கவனியுங்கள். தமிழில் 'தூய' என்பது பெயரடை. அதோடு 'ஆக்கு' சேர்த்தால்தான் வினையாகும். எகிப்திய மொழியில் 'தூய்மையாக இரு', 'அழகாக இரு', 'பெரிதாக இரு' எல்லாமே வினைச்சொற்கள். அதனால் நாம் '-வி' போடும் இடம், '-ஆக்கு' போடும் இடம், 'நில்-நிறுத்து' என்று சொல்லையே வளைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த ஒரே ஸ போதுமாயிருந்தது. கற்பவருக்கு இது பெரிய ஆறுதல்.

இந்த ஸ சித்திர எழுத்தில் எப்படி இருக்கும்? மடித்துத் தொங்கவிட்ட துணி. பார்க்கக் கைப்பிடி வளைந்த ஊன்றுகோல் போல இருக்கும். ஸ ஒலிக்கு இன்னொரு சித்திரமும் உண்டு: படுக்கை வாட்டில் வரையப்பட்ட கதவுத் தாழ்ப்பாள். பிரமிடுகள் எழுந்த பழைய அரசுக் காலத்தில் இவை இரண்டும் வேறு வேறு ஒலிகள். பின்னால் ஒலிகள் ஒன்றாகிவிட, எழுத்தர்கள் இரண்டையும் கலந்து எழுத ஆரம்பித்தார்கள். ஆனால் பிறவினை ஸ அடிப்படையில் துணிதான்.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் மன்னர்களின் பெயர்களைப் பாருங்கள். 4ஆம் வம்சத்தைத் தொடங்கியவர் ஸ்நெஃப்ரு. தஹ்ஷூரில் உள்ள வளைந்த பிரமிடும் சிவப்புப் பிரமிடும் இவருடையவை, குஃபுவின் அப்பா. அவர் பெயருக்குள் ஸ-நெஃபெர் இருக்கிறது: அழகாக்கு, நல்லதாக்கு. நீள்வட்டத்துக்குள் எழுதிய அவர் பெயரில் முதலில் துணி, அடுத்து இதயமும் மூச்சுக்குழாயும் சேர்ந்த நெஃபெர் சித்திரம். 11ஆம் வம்சத்து மூன்றாம் மெந்துஹோதெப்பின் பட்டப்பெயர் ஸ-அன்க்-கா-ரே, 'சூரியக் கடவுள் ரேயின் உயிராற்றலை வாழ்விப்பவன்'. 12ஆம் வம்சத்தின் முதல் மன்னர் அமெனெம்ஹாத்துக்கு ஸ-ஹெதெப்-இப்-ரே, 'ரேயின் நெஞ்சைக் குளிர்விப்பவன்'. 17ஆம் வம்சத்து செகெனென்ரேவின் பெயரிலும் 'வீரனாக்கு' என்ற பிறவினை ஒளிந்திருக்கிறது. மண்டையில் கோடரி வெட்டுகளோடு கிடைத்த மம்மிக்கு உரியவர் இவர். பெயர் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அரண்மனைக்கு வெளியேயும் இந்த ஸ உழைத்துக்கொண்டே இருந்தது. அபிதோஸில் முதலாம் சேத்தி கட்டிய கோயிலில், மன்னரும் ஐசிஸ் தெய்வமும், நிலைபேற்றின் சின்னமான ஜெத் தூணைத் தூக்கி நிறுத்தும் புடைப்புச் சித்திரம் இருக்கிறது. அந்தச் சடங்கின் பெயரே ஸ-அஹா ஜெத், ஜெத்தை நிறுத்துதல். இறந்தவர் 'ஆக்' என்னும் ஒளிவடிவம் பெறுவதற்காகப் பூசாரிகள் ஓதிய பாடல்களுக்கு ஸ-ஆகு என்று பெயர், 'ஆக் ஆக்குபவை'. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. சிற்பியைக் குறிக்க எகிப்தியரிடம் இருந்த சொற்களில் ஒன்று ஸ-அன்க். கல்லில் உருவம் செதுக்குகிறவன் அவர்கள் கண்ணுக்கு வாழ்விக்கிறவன்.

இனி வினைத்திரிபு. பயப்பட வேண்டாம், ஸ சேர்ந்த பிறகு அது சாதாரண வினை போலவே திரியும். இறந்தகாலத்துக்கு 'என்', ஆளைக் காட்ட இறுதியில் ஒரு விகுதி: நான் என்றால் இ, நீ (ஆண்) என்றால் எக், அவன் என்றால் எஃப், அவள் என்றால் எஸ்.

ஸ-அன்க்-என்-எஃப்: அவன் வாழ்வித்தான்.

இதைத் தமிழ்ச் சொல்லோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாழ்-வி-த்த்-ஆன். வினையடி, பிறவினை விகுதி, இறந்தகால இடைநிலை, அவன் என்று காட்டும் விகுதி. எகிப்தியத்தில் பிறவினை, வினையடி, இறந்தகாலம், அவன். பிறவினைத் துண்டு பின்னாலிருந்து முன்னால் போயிருக்கிறது. மற்றபடி வரிசை அப்படியே. இரண்டு மொழிகளுக்கும் உறவு எதுவும் கிடையாது, இது வெறும் தற்செயல். ஆனால் தமிழ் பேசுகிறவர் மனப்பாடம் செய்ய இதைவிட நல்ல கொக்கி கிடைக்காது.

செயப்படுபொருளைச் சேர்ப்பதும் எளிது. 'வி' என்றால் என்னை. ஸ-அன்க்-என்-எஃப் வி: அவன் என்னை வாழ்வித்தான். 'என்' இல்லாமல் ஸ-அன்க்-எஃப் என்றால், இடத்தைப் பொறுத்து, வாழ்விக்கிறான் அல்லது வாழ்விப்பான் அல்லது வாழ்விக்கட்டும். உயிரொலியில் வேறுபாடு இருந்திருக்கும். எழுத்தில் தெரியாததால் சூழலைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஏவலுக்கு விகுதியே வேண்டாம், ஸ-அன்க் என்றாலே 'வாழ்வி!'. செயப்பாட்டுக்கு நடுவில் 'து': ஸ-அன்க்-து-எஃப், அவன் வாழ்விக்கப்படுகிறான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'வாழ்வித்தல்', 'நிலைநாட்டல்' என்ற தொழிற்பெயர் வடிவம். மூன்று மெய்கள் கொண்ட அன்க் போன்ற வினை ஸ-அன்க் என்றே நிற்கும். (முதலில் வரும் அ-வும் அவர்களுக்கு ஒரு மெய், தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒலி. அதனால்தான் மூன்று.) ஆனால் மென் போல இரண்டே மெய்கள் கொண்ட வினைக்கு ஸ சேர்ந்தால் இறுதியில் ஒரு 'த்' முளைக்கும்: ஸ-மென்-த். வெறும் மென்னுக்கு இந்தத் த் கிடையாது, ஸ வந்தால்தான் வரும். சின்ன விஷயம் மாதிரி தெரிகிறது இல்லையா? இந்தத் த்-ஐ நினைவில் வைத்திருங்கள். ஈராயிரம் ஆண்டு கழித்து அது திரும்ப வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ-வில் தொடங்குவதெல்லாம் பிறவினை அல்ல. எகிப்திய இலக்கணப் புத்தகம் எதைத் திறந்தாலும் மாதிரி வினையாக வருவது ஸெஜெம், 'கேள்'. அதன் ஸ வேரிலேயே உள்ளது. ஆரம்பத்தில் நான் அதிலிருந்து ஸ-வைக் கழற்றிவிட்டு 'ஜெம்' என்றால் என்ன என்று அகராதியில் வெகுநேரம் தேடியிருக்கிறேன். ஸெதெப், 'தேர்ந்தெடு', என்பதும் அப்படித்தான். பெர்லினில் எர்மனும் கிராப்போவும் பதிப்பித்த பெரிய எகிப்திய அகராதியின் நான்காம் தொகுதியில் பாதிக்கு மேல் இந்த ஸ எழுத்தே நிறைத்திருக்கிறது. பிறவினைகள் அங்கே வந்து குவிந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இந்த ஸ எகிப்துக்கு மட்டும் சொந்தமும் அல்ல. தூரத்து உறவான, பண்டைய மெசொப்பொத்தேமியாவின் அக்காடிய மொழியில் 'ஷ' என்ற முன்னொட்டு இதே வேலையைச் செய்தது. வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மொழிகளில் 'ஸ' இன்றும் பிறவினை ஆக்குகிறது. குடும்பச் சொத்து.

சரி, இரண்டாவது வழி. ஸ எல்லா வினையோடும் ஒட்டவில்லை. பெரும்பாலும் வாழ், நில், நிலைத்திரு போன்ற செயப்படுபொருள் வேண்டாத வினைகளோடுதான் அது இயல்பாகச் சேர்ந்தது. 'தேர்ந்தெடுக்க வைத்தான்', 'பார்க்க விட்டான்' என்று சொல்ல வேண்டுமானால் ஒரு துணை வினை தேவைப்பட்டது. நாம் 'வை', 'விடு', 'செய்' என்று போடும் இடத்தில் அவர்கள் போட்டது ரெதி. அதன் நேர்ப்பொருள் 'கொடு'.

சினுஹேயின் கதை என்னும் பழைய எகிப்தியக் கதையிலிருந்து ஒரு வரியைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். மேலே சொன்ன மன்னர் ஸ-ஹெதெப்-இப்-ரே இறந்த செய்தியோடுதான் அந்தக் கதையே தொடங்குகிறது. செய்தியைக் கேட்டுப் பதறி எகிப்தைவிட்டு ஓடிப்போகிறான் சினுஹே என்ற அரசு அலுவலன். சிரியா-பாலஸ்தீனப் பக்கம் ரெதெனு நாட்டுத் தலைவன் ஒருவன் அவனுக்கு அடைக்கலம் தருகிறான், மூத்த மகளையும் கட்டிவைக்கிறான். அடுத்து என்ன செய்தான் என்று சினுஹே சொல்கிறான்:

ரெதி-என்-எஃப் ஸெதெப்-இ என்-இ எம் காஸெத்-எஃப்.

ரெதி-என்-எஃப், அவன் கொடுத்தான். ஸெதெப்-இ, நான் தேர்ந்தெடுக்கட்டும். என்-இ, எனக்காக. எம் காஸெத்-எஃப், அவன் நாட்டிலிருந்து. மொத்தத்தில்: தன் நாட்டில் எனக்கு வேண்டிய நிலத்தை என்னையே தேர்ந்தெடுக்க விட்டான்.

தமிழில் 'தேர்ந்தெடுக்க' என்று எச்சமாக நிற்கும் வினை அங்கே எச்சமாக இல்லை. அதற்கென்று தனி எழுவாய் விகுதி இருக்கிறது. அவன் கொடுத்தான், நான் தேர்ந்தெடுக்கட்டும் என்று இரண்டு முழு வினைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. 'கட்டும்' என்று நான் மொழிபெயர்த்த அந்த இரண்டாம் வினை விருப்பத்தைக் காட்டும் வடிவம். ரெதிக்குப் பின்னால் எப்போதும் அதுதான் வர வேண்டும். ரெதியைத் திரித்தால் வாக்கியத்தின் காலம் மாறும், பின்னால் வரும் வினை அசையாது.

ரெதி கொஞ்சம் முரண்டு பிடிக்கும் வினை. சில இடங்களில் ரெதி, சில இடங்களில் முன்னால் உள்ள ரெ உதிர்ந்து வெறும் தி. தொழிற்பெயர் ரெதித் அல்லது தித். ஏவலில் ஆளே மாறிவிடும்: இமி. இமிக்குப் பின் ஒரு வினை வந்தால் 'அவன் வரட்டும்', 'அவர்கள் பார்க்கட்டும்' என்ற பொருள் கிடைக்கும். இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், குறுக்குவழி கிடையாது.

ஆக, வாழ வைப்பதற்கு எகிப்தியரிடம் இரண்டு பாதைகள்: ஸ-அன்க், ரெதி அன்க். காலப்போக்கில் முதல் பாதையில் புல் முளைக்க ஆரம்பித்தது. புதிய வினைகளோடு ஸ சேர்வது குறைந்தது. ஏற்கனவே சேர்ந்தவை ஒட்டிப்போன தனிச் சொற்களாக நின்றன. பாதை ஏன் மறைந்தது என்பதை கோப்டிக்கில் நன்றாகப் பார்க்கலாம். எகிப்திய மொழியின் கடைசி வடிவம் அது. கிரேக்க எழுத்துகளில் எழுதியதால் உயிரொலிகளும் தெரிகின்றன. தென்னெகிப்தின் சஹிதிக் வழக்கில் 'வாழ்' என்பது ஓன்ஹ். பழைய ஸ-அன்க் தேய்ந்து ஸான்ஷ், 'உணவளி, பேணு', ஆகிவிட்டது. ஓன்ஹ் பேசுகிற ஒருவர் காதில் ஸான்ஷ் விழுந்தால் இரண்டுக்கும் உறவு உண்டு என்று எப்படித் தெரியும்? சோடி உடைந்துவிட்டது.

நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்தத் த் இங்கேதான் வருகிறது. ஸ-மென்-த் கோப்டிக்கில் ஸ்மினெ ஆனது. இறுதித் த் காணாமல் போய்விட்டது போலத் தெரியும். 'அதை நிலைநாட்டு' என்று பின்னால் ஒரு விகுதியைச் சேர்த்துப் பாருங்கள்: ஸ்மென்த்-எஃப். த் அங்கேயே இருக்கிறது. சொல்லின் கடைசியில் நின்றபோது உதிர்ந்தது, நடுவில் பாதுகாப்பாக மாட்டிக்கொண்டபோது பிழைத்துவிட்டது.

இரண்டாம் பாதைக்கு நேர்ந்தது இதைவிடச் சுவையானது. தித் அன்க்-எஃப், 'அவன் வாழும்படி கொடுத்தல்', என்று தனித்தனியாக நின்ற சொற்கள் வேகமாகப் பேசிப் பேசி ஒட்டிக்கொண்டன. தித் என்பது ஒரு வெறும் த் ஆகச் சுருங்கியது. கோப்டிக்கில் கிடைப்பது தன்ஹோ: வாழ்வி. துணை வினையாக இருந்த 'கொடு' கடைசியில் ஒரு முன்னொட்டாகிவிட்டது. முன்பு ஸ இருந்த அதே நாற்காலியில் இப்போது த் உட்கார்ந்திருக்கிறது.

தன்ஹோ-ஃப் என்றால் 'அவனை வாழ வை'. அந்த ஃப் யார்? பழைய வாக்கியத்தில் அவன் எழுவாய்: அன்க்-எஃப், அவன் வாழ்கிறான். சொற்கள் ஒட்டியதும், யாரும் கவனிக்காமலே, எழுவாயாக இருந்தவன் செயப்படுபொருள் ஆகிவிட்டான். ஓர் ஒலிகூட இடம் மாறவில்லை. கேட்பவர்கள் வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கும் விதம் மட்டும் மாறியது. இலக்கணம் எப்படி மாறுகிறது என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த ஃப்-ஐத்தான்.

இறுதியில் நிற்கும் ஓ-வும் சும்மா வரவில்லை. விருப்பத்தைக் காட்டும் வடிவம் என்று சொன்னேனே, எழுத்தில் தெரியாத அதன் உயிரொலியின் மிச்சம் அது. அதனால் இந்தக் குடும்பத்துப் பிறவினைகள் எல்லாம் முன்னால் த், பின்னால் ஓ என்று ஒரே அச்சில் இருக்கின்றன. எய்மெ 'அறி', தமோ 'அறிவி'. வோம் 'உண்', த்ம்மோ 'ஊட்டு'. ஸோ 'குடி', த்ஸோ 'புகட்டு'. பழைய அஹா, 'நில்', இங்கே தஹோ 'நிறுத்து'. கெபெரின் கோப்டிக் வடிவம் ஷோபெ, 'ஆகு'. அதன் பிறவினையில் த்-உம் ஷ்-உம் கலந்து ஒரே எழுத்தாகி, ஜ்போ, 'பெற்றெடு'. ஓ-வும் திரியும்: பின்னால் விகுதி வந்தால் தன்ஹோ, நேராகப் பெயர்ச்சொல் வந்தால் தன்ஹெ, 'வாழ வைக்கப்பட்ட நிலையில்' என்றால் தன்ஹேவு.

கதை இதோடு முடியவில்லை. இந்தத் த் வகையும் எல்லா வினைக்கும் கிடைக்கவில்லை. குறிப்பிட்ட சில சொற்களோடு உறைந்துபோனது. மறுபடி துணை வினை தேட வேண்டியதாயிற்று. இந்த முறை 'கொடு'வோடு 'செய்'யும் கூட்டு சேர்ந்தது: தித் இர்-எஃப் ஸெஜெம், 'அவன் கேட்டலைச் செய்யும்படி கொடுத்தல்'. அதுவும் ஒட்டிச் சுருங்கி கோப்டிக்கில் த்ரெ ஆனது. த்ரெஃப்-ஸோதெம்: அவனைக் கேட்க வை. இது எந்த வினையோடும் தாராளமாகச் சேரும். ஸோதெம் வேறு யாருமல்ல, நம்முடைய பழைய ஸெஜெம்தான். அதன் ஸ அப்போதும் பிறவினை இல்லை, இப்போதும் இல்லை.

கோப்டிக் இன்று எகிப்தின் கோப்டிக் திருச்சபை வழிபாட்டில் மட்டும் ஒலிக்கிறது. அங்கே வடக்கு வழக்கான போஹைரிக்கைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஓன்ஹ் என்பது ஓன்க் என்று பழைய க்-ஐக் காப்பாற்றி வைத்திருக்கிறது. விசுவாச அறிக்கையில் தூய ஆவியை 'வாழ்வு தருபவர்' என்று சொல்லும் இடத்தில் ரெஃப்தி, ஓன்க் என்ற இரண்டு சொற்கள் வரும். ஓன்க் நம் அன்க். ரெஃப்தி என்றால் கொடுப்பவர். அதன் இறுதியில் உள்ள தி, சினுஹே சொன்ன அதே ரெதியின் மிச்சம்.